குளியலறை உட்கூரையும் சாயப்பூச்சும்

(தோட்ட மண்டபமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஜொகூர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த இளைஞர்கள் பலர், இன்று பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குச் சென்று வேலை செய்து வருகின்றனர் என்பதை யாவரும் அறிவோம். அவர்களுள் வீடுகளுக்குச் சாயம் பூசும் தொழிலை மேற்கொண்டோரும் உளர். எளிய வேலை என்று கருதப்படும் அத்தொழிலில், மிகவும் கடினமான இடம் குளியலறை உட்கூரையே ஆகும். அதனைப் பற்றிச் சில கூற விரும்புகின்றோம்.

அண்மையில் தேக்காவிலுள்ள உறவினர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். பஃபலோ சாலையில், சந்தைக்கு அருகே உயர்ந்து நிற்கும் அடுக்குமாடியில் அவர் வசிக்கின்றார். குளியலறை உட்கூரையில் கறுப்புப் படர்ந்ததால், மூன்று தீபாவளிகளுக்குத் தொடர்ந்து சாயம் பூசுவித்தார். மூன்று முறையும் கறை திரும்பியது. இவ்வாண்டு, உள்ளங்கையளவு கான்கிரீட் துண்டொன்று, பேரக்குழந்தை குளித்துவிட்டு வெளியேறிய சற்று நேரத்தில் அதே இடத்தில் வீழ்ந்தது. சாயம் பூசியவர் நம்மைப் போல் தோட்டத்தில் பிறந்த இளைஞரே. "பூசச் சொன்னார்கள், பூசினேன் ஐயா" என்றார். அவர் கூறியதில் பொய்யில்லை. ஆயினும், கூரை என்ன சொல்கிறதென்று அவரும் கேட்கவில்லை, வீட்டாரும் கேட்கவில்லை.

சிங்கப்பூர்வாசிகளுள் பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேர், 1960-இல் தொடங்கப்பெற்ற வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடுகளில் வாழ்கின்றனர். அங்கு ஒரு வீட்டின் தரையே அடுத்த வீட்டின் கூரை. ஆகவே, கறை தோன்றினால் முதலில் மூன்றில் எது என்று தெளிதல் வேண்டும்.

கரும்புள்ளிகள் பரவலாகத் தூவியவை போல் தோன்றினால், அது வெந்நீராவி படிந்து வளர்ந்த பூஞ்சணம். மஞ்சள் அல்லது பழுப்பு வளையம் தோன்றி, மேல்வீட்டார் குளித்தபின் ஈரம் மிகுந்தால், அது கசிவு. விரல் முட்டியால் தட்டும்போது வெற்றொலி எழுந்தாலும், வெடிப்பும் துருநிறமும் காணப்பட்டாலும், அது கான்கிரீட் பெயரும் நோய். காற்றிலுள்ள கரியமிலவாயு நாளடைவில் கான்கிரீட்டினுள் ஊடுருவி, கம்பியைக் காக்கும் காரத்தன்மையைக் குறைக்கின்றது. ஈரம் சேர்ந்ததும் கம்பி துருப்பிடிக்கின்றது. துரு, இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகின்றது. அதன்மேல் சாயம் பூசுவது, சீழ் வைத்த புண்ணுக்குத் துணி சுற்றுவது போன்றதே.

கசிவாயின், மேல்வீட்டுத் தரையைச் சீர்செய்தல் முதற்கடமை. இதன்பொருட்டு அண்டை வீட்டாருடன் பூசல் கொள்ளலாகாது. கழகத்தின் உதவித் திட்டத்தில், பழுதுபார்க்கும் செலவில் பாதியைக் கழகம் ஏற்க, மீதியை மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சமமாகப் பகிர்ந்துகொள்ளலாம். 2007-இல் அறிவிக்கப்பெற்ற இல்ல மேம்பாட்டுத் திட்டமும் பழைய வீடுகளில் பெயரும் கான்கிரீட்டைச் செப்பனிடுகின்றது. நம் உறவினர் மேல்வீட்டாரிடம் அமைதியாகப் பேசினார்; இருவரும் இணங்கியதால் கசிவு நின்றது.

பெயர்ந்த இடத்தில், தளர்ந்த கான்கிரீட்டை முழுவதும் கொத்தி அகற்றி, கம்பியின் துருவைத் தேய்த்துத் துருத்தடுப்புப் பூச்சிட்டு, பாலிமர் கலந்த சிமெண்டுக் கலவையால் நிரப்புதல் வேண்டும். பெயர்வு பரந்தோ ஆழமாகவோ இருப்பின், தேர்ந்தவரிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை.

பிறகே சாய வேலை. முதலில் மின்சாரத்தை நிறுத்துக. வெளுப்பு நீரை நீரில் கலந்து பூஞ்சணத்தைத் துடைத்துக் கழுவுக. அதனை அமிலக் கழுவியோடும் அம்மோனியாவோடும் ஒருபோதும் கலக்கலாகாது, நச்சுவாயு எழும். கையுறை, கண்ணாடி, முகமூடி அணிந்து சன்னலைத் திறந்து வைத்தே பணிபுரிக. மிகப் பழைய சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். ஆகையால் உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி எழுப்பாமல், ஈரப்படுத்தித் தேய்த்திடுக.

அடுத்து, பொறுத்திருத்தல். நன்கு உலராத ரப்பர் ஷீட்டை அடுக்கி வைத்தால் பூஞ்சணம் பிடிப்பதை நாம் அறிவோம். கூரையும் அவ்வாறே. புதுக் கலவை வாரக்கணக்கில் உலர வேண்டும். பள்ளங்களைச் சமன்செய்ய, ஈரம் தாங்கும் சிமெண்டுப் பட்டியையே பயன்படுத்துக. ஜிப்சம் பட்டி நீராவியில் இளகிவிடும். அதன்மேல் காரம் தாங்கும் அடிப்பூச்சு ஒன்றும், பூஞ்சணத் தடுப்புச் சாயம் மெல்லியதாக இருமுறையும் பூசுக. டப்பாவில் குறித்த இடைவேளையைக் குறைக்காதீர். கனமாக ஒரே பூச்சாக இடுவது நேரத்தை மிச்சப்படுத்துவதில்லை. உரிந்து விழவே செய்யும்.

நீரில் கரைக்கும் சாயமும் நம் மரப்பாலைப் போன்றதே. நுண்துளிகள் நீரில் மிதக்கின்றன. நீர் ஆவியானதும் ஒன்றிணைந்து படலமாகின்றன. படலம் உருவாகுமுன் நீராவி பட்டால் பூச்சு கெடும். ஆதலின், சாயம் முற்றும் உலரும்வரை அவ்வறையில் குளித்தல் கூடாது. பின்னரும், குளித்தபின் சன்னலைத் திறந்துவைக்கும் பழக்கமே சிறந்த மருந்து. பொய்க்கூரை அமைப்போர், மேல்வீட்டுக் குழாய்களைப் பார்வையிட ஒரு திறப்பை விட்டுவைத்தல் நலம்.

இளைஞர்களே! பால் வெட்டுவோர் பட்டையின் தன்மை அறிந்தே கத்தியை வைக்கின்றனர். ஆழம் மிகுந்தால் மரம் புண்படும் என்று உங்கள் பெற்றோர் அறிவர். அந்த அறிவையே தூரிகைக்கும் கொண்டு செல்லுங்கள். "இதற்குச் சாயம் போதாது, முதலில் கசிவை நிறுத்துங்கள்" என்று வீட்டாரிடம் சொல்லும் துணிவு, ஒரு நாள் கூலியைக் குறைக்கலாம். ஆனால் ஒரு குழந்தையின் தலையைக் காக்கும். அத்தகையவரையே மக்கள் மறுமுறையும் தேடி அழைப்பர்.