"அந்தப் பொண்ணு என்ன ஆளுங்க?"

(சங்கத்தின் வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன இதழுக்கு வந்த கதைகளில் பாதிக்கு மேல் கொலைக் கதைகள். கொன்றது யாரென்று கடைசி வரியில் சொல்லியிருந்தார்கள். தெரிந்ததும் சுவாரசியம் தீர்ந்துபோனது. பதிலே சொல்லாமல் ஒரு நாவல் முழுக்க நம்மைப் பிடித்து வைக்க முடியுமா?

பெருமாள்முருகன் வைத்திருக்கிறார். 2013இல் வந்த 'பூக்குழி'. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியல் வரை போனது.

தோலூரில் சோடாக் கடையில் வேலை பார்க்கும் குமரேசன், அங்கே பழகிய சரோஜாவைக் கல்யாணம் செய்து தன் ஊர் காட்டுப்பட்டிக்கு அழைத்து வருகிறான். ஊர் ஒன்றைத்தான் கேட்கிறது: இவள் எந்தச் சாதி? அம்மா மாராயி கேட்கிறாள், சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள், அப்புறம் ஊரே கூடிக் கேட்கிறது. கேள்வி அதேதான். கேட்கும் ஆள் மாற மாற அதன் கனம் கூடுகிறது. விசாரிப்பு வசவாகி, ஊர்விலக்கில் போய் நிற்கிறது.

சாதிப் பெயரை ஆசிரியர் கடைசிவரை சொல்வதில்லை. கதாபாத்திரத்துக்குத் தெரிந்ததை வாசகரிடம் மறைப்பது பொதுவாக ஏமாற்று வேலை. இங்கே அப்படித் தோன்றவில்லை. நம் பயமெல்லாம், பதில் தெரிந்தால் இவர்கள் என்ன செய்வார்களோ என்பதுதான். ஆனாலும் முதல் வாசிப்பில் நான் துப்புத் தேடினேன். பேச்சிலே, நிறத்திலே. பாதிப் புத்தகத்தில்தான் உறைத்தது, மாராயி செய்வதையே நானும் செய்கிறேன் என்று.

மாடி வீட்டுக்கு வாடகைக்கு வருபவரிடம் நாமும் நேராகக் கேட்பதில்லை. சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று சுற்றி வருவோம். போன வருடம் ஓர் இளம் தம்பதியிடம் நான் கேட்டேன். இரண்டாவது கேள்வியிலேயே அந்தப் பெண் கணவன் முகத்தைப் பார்த்தாள். அட்வான்ஸ் கொடுக்க அவர்கள் திரும்பி வரவில்லை.

இந்த நாவல் நம் தருமபுரி இளவரசனுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கடைசியில் சரோஜா முள்புதருக்குள் ஒளிந்திருக்கிறாள். சுற்றித் தீ. எங்கோ சைக்கிள் சத்தம். அங்கேயே விட்டுவிடுகிறார்.

அடுத்த இதழுக்கு எழுதும் பிள்ளைகளே, கொலையாளி பெயரை முதலில் முடிவு செய்ய வேண்டாம். உங்கள் கதையில் யார் கேட்டுக்கொண்டே இருக்கிறார், அவருக்கு எதற்காகப் பதில் வேண்டும் என்று யோசியுங்கள்.

புத்தகம் சங்க அலுவலக அலமாரியில் இருக்கிறது. ஒரே பிரதிதான், பத்து நாளில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.