பூனையும் கோழியும் அணைத் தண்ணீரும்: ஒரு கிருமி, பல ரகம்

(பேச்சிப்பாறையில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் பூனை வளர்க்கலாமா என்று கேட்டுத்தான் என்னை அழைத்தீர்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு வருத்தமும் இருக்கிறது. கரு கலைந்த மருமகளின் ரத்தப் பரிசோதனையில் 'டாக்ஸோபிளாஸ்மா பாசிட்டிவ்' என்று வந்தால் போதும், பூனையை விரட்டிவிடுகிறோம், அவள் மேலும் பழி போடுகிறோம். இரண்டுமே சரியில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

டாக்ஸோபிளாஸ்மா கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. 1908இல் துனிஸ் நகரில் எலி போன்ற ஒரு சிறு பிராணியிடம் கண்டுபிடித்தார்கள். ஆடு, மாடு, கோழி, எலி, மனிதர் என்று எந்த உடம்பிலும் அது தங்கும். ஆனால் இணை சேர்ந்து முட்டை உண்டாக்குவது பூனை இனத்தின் குடலில் மட்டும்தான். வீட்டுப்பூனை, காட்டுப்பூனை, புலி எல்லாம் அந்த இனமே.

இந்தக் கிருமி எங்கும் ஒரே மாதிரி இல்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பெரும்பாலும் மூன்றே ரகங்கள். முதல் ரகத்தில் ஒரே ஒரு கிருமி போனாலும் சுண்டெலி செத்துவிடும். மற்ற இரண்டும் அவ்வளவு கொடியவை அல்ல. தென் அமெரிக்கக் காடுகளிலோ ரகங்கள் ஏராளம், அவற்றில் சில ஆரோக்கியமான ஆளையே படுக்கையில் தள்ளுகின்றன. நம் நாட்டிலும் பார்த்திருக்கிறார்கள். 2003இல் வெளியான ஆய்வில், மேய்ந்து திரியும் 741 கோழிகளைச் சோதித்ததில் 133 கோழிகளின் ரத்தத்தில் தொற்றின் அடையாளம் இருந்தது. ஏழு கோழிகளிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டு இரண்டாம் ரகம், ஐந்து மூன்றாம் ரகம். கோழி மண்ணைக் கிளறித் தின்பதால், அந்த முற்றத்து மண்ணில் என்ன கிடக்கிறது என்பதை அதன் உடம்பு காட்டிக்கொடுக்கும்.

உகாண்டாவில் 2008இல் இன்னொன்று தெரியவந்தது. ஒரே கோழிக்குள் இரண்டு ரகம் சேர்ந்திருப்பது அங்கே அடிக்கடி காணப்பட்டது. அந்தக் கோழியின் குடலை ஒரு பூனை தின்றால், இரண்டு ரகமும் பூனையின் குடலில் கலந்து மூன்றாவதாக ஒன்று பிறக்கலாம். உலகில் பரவியிருக்கும் அந்த மூன்று ரகங்களே பழைய காலத்தில் இப்படிக் கலந்து வந்தவைதான் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

நமக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். நாம் இருப்பது காட்டோரம். கனடாவில் விக்டோரியா என்ற ஊரில் 1995இல் ஏறக்குறைய 100 பேருக்கு இந்த நோய் கண்டது. சந்தேகம் போனது காட்டோர நீர்த்தேக்கத்தின் மேல்; சுற்றிலும் வீட்டுப்பூனையும் உண்டு, பூமா என்ற காட்டுப்பூனையும் உண்டு. கோயம்புத்தூரில் 2004, 2005இல் 248 பேருக்கு இதே கிருமியால் கண்ணின் விழித்திரை பாதித்தது. அங்கும் குடிநீரைத்தான் சந்தேகித்தார்கள். நம் பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடித்தது. மேலே காடு, சுற்றிலும் ரப்பர் தோட்டம், கீழே நம் வீடுகள். மழை பெய்தால் எல்லா மண்ணும் ஒரே தண்ணீரில்தான் வந்து சேரும். குளோரின் போட்டால் இந்த முட்டை சாகாது. கொதிக்கவைத்தால் சாகும். ஓடைத் தண்ணீர், ஊற்றுத் தண்ணீர் குடிப்பவர்கள் இதைப் பிடிவாதமாகச் செய்யுங்கள்.

இனி பூனை. மார்க்கத்தில் அது அசுத்தமான பிராணி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். மருத்துவமும் அதன் ரோமத்தைக் குறை சொல்லவில்லை. ஆபத்து அதன் மலத்தில். அதுவும் முதல் தொற்றுக்குப் பிறகு ஒன்றிலிருந்து மூன்று வாரம் மட்டும்தான் முட்டை வெளியேறும். வேறு ரகம் தொற்றினால் மறுபடியும் வெளியேறலாம். மலத்தில் விழுந்த முட்டை தொற்றும் பக்குவத்துக்கு வர குறைந்தது ஒரு நாள் ஆகும். ஆகவே தினமும் வேறு யாராவது அள்ளிப் போட்டால் போதும், கர்ப்பிணி தொட வேண்டாம். பூனைக்குப் பச்சைக் கறியும் கோழிக்குடலும் போடாதீர்கள். பக்ரீத் அன்று இது நிறைய வீடுகளில் நடக்கிறது.

உண்மையில் நம் வீடுகளில் பூனையைவிடக் கறியைத்தான் கவனிக்க வேண்டும். குர்பானிக் கறி அறுக்கிற பெண்கள் அதே கையோடு வெங்காயம் நறுக்குகிறார்கள். உப்பு பார்க்கிறேன் என்று வேகாத கறியை வாயில் போடுகிறார்கள். ஈரல் உள்ளே சிவப்பாக இருந்தால்தான் ருசி என்பார் சிலர். பிள்ளைத்தாச்சிக்கு அந்த ருசி வேண்டாம். தோட்டத்து மண்ணில் வேலை செய்துவிட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எந்த ரகமாக இருந்தாலும் காவல் இதுதான்.

கடைசியாக அந்த ரிப்போர்ட். ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்றால் எப்போதோ வந்து போன தொற்று. பெரும்பாலும் அது இனி வரும் கருவுக்குப் பாதுகாப்பே. அடுத்தடுத்து கரு கலைவதற்கு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது. எதிர்ப்புச் சக்தி இருந்த ஒரு கர்ப்பிணிக்கு வேறு ரகக் கிருமி மறுபடி தொற்றி, குழந்தையைப் பாதித்ததாகப் பிரான்சிலிருந்து 2009இல் ஓர் அறிக்கை வந்தது; வேகாத குதிரைக் கறியைச் சந்தேகித்தார்கள். அது அபூர்வம். ஐஜிஎம் பாசிட்டிவ் என்றாலும் உடனே பதற வேண்டாம், அது சில சமயம் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து அதே லேபில் மறுபடி எடுத்து, இரண்டு தாளையும் சேர்த்து மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த நாளில் மருமகளோடு மாமியாரும் கூடப் போனால் நல்லது.