ஒரே கிரகணம், ஊருக்கு ஒரு காட்சி



1995 அக்டோபர் 24 காலை. இராஜஸ்தானில் நீம் கா தானா என்ற ஊரில் சூரியன் முழுவதும் மறைந்தது. பகல் இருண்டது. மேற்கு வங்காளத்தில் டயமண்ட் ஹார்பரிலும் அப்படியே. ஆனால் தில்லியிலும் சென்னையிலும் சூரியனின் ஒரு பகுதிதான் மறைந்தது.

ஏன் இந்த வேறுபாடு? விளக்கின் முன் கையை நீட்டுங்கள். சுவரில் நிழல் விழும். அதன் நடுப்பகுதி கறுப்பாக இருக்கும். ஓரம் மங்கலாக இருக்கும். சந்திரனின் நிழலும் அப்படித்தான். கறுப்பு நிழல் விழும் ஊரில் முழுக் கிரகணம். மங்கல் நிழல் விழும் ஊரில் பகுதிக் கிரகணம்.

நீம் கா தானாவில் சூரியன் முழுவதும் மறைந்திருந்தது ஒரு நிமிடத்திற்கும் குறைவு. அந்த நேரம் மட்டுமே வெறும் கண்ணால் பார்க்கலாம். பகுதிக் கிரகணத்தை ஒரு நொடிகூட அப்படிப் பார்க்கக் கூடாது. கண்ணின் உள்திரை வெந்துபோகும். வலி தெரியாது. போன பார்வை திரும்பாமலே போகலாம். புகை படிந்த கண்ணாடியும் பழைய எக்ஸ்ரே படமும் கண்ணைக் காக்காது.

பிறகு எப்படிப் பார்ப்பது? அட்டையில் ஊசியால் துளை இடுங்கள். சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, துளை வழியே வெயிலைத் தரையில் விழச் செய்யுங்கள். அங்கே பிறை போன்ற ஒளி தெரியும். அதைப் பாருங்கள்.

2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தில் முழுக் கிரகணம். இந்தியாவில் எங்கும் முழுக் கிரகணம் இல்லை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.