வாட்ஸ்அப்பும் வாடிக்கையும்

(ஜமாஅத் வணிகர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சமூக ஊடகங்களின் துணையால் வணிகத்தை வளர்ப்பது குறித்துப் பேசுமாறு நம்மைப் பணித்தார்கள். விளம்பரம் செய்யும் வழிகளைச் சொல்லித் தர நம் இளைஞர்கள் போதும். ஒருமுறை வாங்கியவர் மறுமுறையும் நம்மைத் தேடி வருவதைப் பற்றியே நாம் பேச விரும்புகிறோம். அந்த இடத்தில்தான் நாங்கள் சறுக்கி விழுந்தோம்.

நம் பெரியவர்கள் வெளியூர் மண்டிக்கு அஞ்சலட்டை எழுதிய காலத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் நலம் விசாரிப்பார்கள். வீட்டாரைக் கேட்பார்கள். அதன் பின்னரே மணிலா மூட்டையின் விலை வரும். முகம் பாராதவருக்குக் கடனாகச் சரக்கு அனுப்பும் துணிவு அந்த இரண்டு வரிகளிலிருந்து வந்தது. இன்று அதைவிடப் பன்மடங்கு விரைவான கருவி நம் கையில் இருக்கிறது. அதில் நாம் எழுதுவதோ 'இன்று மட்டும் அதிரடித் தள்ளுபடி!' விடிந்ததும் ஒன்று, படுக்குமுன் ஒன்று.

வணிகர்களுக்கான வாட்ஸ்அப் செயலி 2018 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தது. சில மாதங்களில் நாங்களும் அதை ஏற்றினோம். பில் புத்தகத்திலிருந்த எண்களையெல்லாம் எடுத்து, எவரையும் கேளாமல் ஒரே குழுவில் சேர்த்தோம். குழுவில் ஒருவரது எண்ணை மற்ற எல்லோரும் காண முடியும் என்பது எங்கள் சிந்தையில் உறைக்கவில்லை. பல ஆண்டுகளாக எங்களிடம் மளிகை வாங்கி வந்த ஆசிரியை ஒருவருக்கு அறியாத ஆடவரிடமிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. அவருடைய கணவர் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "உங்களை நம்பித்தானே பாய் நம்பர் கொடுத்தோம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அன்றே குழுவைக் கலைத்தோம். ஆனால் அந்த வீட்டாரின் மாதச் சிட்டை எங்கள் கடைக்கு வருவது நின்றுவிட்டது. பிறர் எண் நம்மிடம் ஓர் அமானிதம் என்பதை அந்த ஒரு கேள்வியில் கற்றோம்.

குழுவுக்கு மாற்றாக அதே செயலியில் ஒளிபரப்புப் பட்டியல் என்று ஒரு வசதி உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒருவர் எண்ணை மற்றவர் காண இயலாது. இன்னொரு விதியும் அதில் உண்டு. நம் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். இளைஞர்கள் இதைக் குறை என்கிறார்கள். எங்களுக்கு இது நல்ல தராசாகத் தோன்றுகிறது. நம் கடைப் பெயரை எத்தனை பேர் தம் கைப்பேசியில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தார் 2018-இல் யூடியூபில் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனலை அறியாதவர் இங்கு குறைவு. 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டிய முதல் தமிழ் அலைவரிசை அதுவே. அதே தாத்தா, அதே பேரன்மார், வயல்வெளியில் அதே சமையல். சமைத்ததைப் பலருக்கும் பரிமாறுகிறார்கள். மக்கள் அந்த முகங்களை முதலில் நம்பினார்கள். வருமானம் பிறகு வந்தது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரை கடந்தபோது நம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. எங்கள் கிடங்கில் கீழ் அடுக்கு அரிசி மூட்டைகள் நனைந்தன. தொடர்பு திரும்பியதும் எங்கள் மகன் நனைந்த மூட்டைகளைப் படமெடுத்து, "கீழ் அடுக்கு விற்பனைக்கு இல்லை. மேல் அடுக்கு உண்டு, பழைய விலைதான். உங்கள் வீட்டில் தண்ணீர் புகுந்ததா?" என்று பட்டியலுக்கு அனுப்பினார். கெட்ட சரக்கை ஊருக்குக் காட்டுவதா என்று நாம் கடிந்துகொண்டோம். எந்தத் தள்ளுபடிக்கும் வராத அளவுக்குப் பதில்கள் வந்தன. பலர் அரிசியைப் பற்றியே கேட்கவில்லை. கடையில் எவருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டிருந்தார்கள். அஞ்சலட்டையின் முதல் இரண்டு வரிகள் திரும்பி வந்தது போலிருந்தது.

ஒரு சிறு வேண்டுகோள். எண்களைக் கருவியில் மட்டும் வைத்திராதீர்கள். 2021 அக்டோபர் 4 அன்று வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. அன்று முதல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயரும் எண்ணும் எழுதி வருகிறோம். கேட்டு, அவர் சரி என்ற பின்னரே எழுதுகிறோம்.

ஆசிரியை வீட்டு எண் அந்த நோட்டில் இல்லை. இந்த ரமலானுக்கு முன் நாமும் மகனும் அவர்கள் வீட்டுக்கு நேரில் போய்வர எண்ணியிருக்கிறோம்.