மேடை ஏறிய வீட்டுத் தமிழ்



தீபாவளி, பொங்கல் என்றால் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் பலகாரத் தட்டோடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பட்டிமன்றம் பார்ப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. நம் ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டு, நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் திண்டுக்கல் ஐ. லியோனி. அவரைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப்போகிறேன்.

பட்டிமன்றம் முதலில் இலக்கிய மேடையில் வளர்ந்த கலை. 1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். கம்பராமாயணத்தில் சிறந்தவர் கும்பகருணனா வீடணனா என்று புலவர்கள் மோதிக்கொண்டது இத்தகைய மேடைகளில்தான். குன்றக்குடி அடிகளார் சமுதாயச் சிக்கல்களையும் பட்டிமன்றத்துக்குள் கொண்டுவந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியின் தமிழ்ப் பேராசிரியர் சாலமன் பாப்பையா அதைக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து கேட்கும்படி செய்தார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

லியோனி பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் கையில் எடுத்தது சினிமாப் பாட்டு. பழைய பாடல்களா, புதிய பாடல்களா என்ற தலைப்பில் அவர் நடத்திய பட்டிமன்றங்கள் ஒலிநாடாக்களாக வந்து, தொண்ணூறுகளில் டீக்கடையிலும் பேருந்திலும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் ஓடின. தொலைக்காட்சி அவரைத் தேடி வந்தது அதற்குப் பிறகுதான். 1997-இல் 'கங்கா கௌரி' படத்திலும் நடித்தார். 2021-இல் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் தலைவரானார். அரசியல் மேடையிலும் அவர் பேசுகிறவர். அதில் உடன்படுவோரும் உண்டு, மாறுபடுவோரும் உண்டு. நான் இங்கே பேசுவது அவருடைய கலையைப் பற்றித்தான்.

அந்தக் கலையைக் கொஞ்சம் கூர்ந்து கவனியுங்கள். ஒருவர் பேசி முடித்ததும் நடுவர் அடுத்தவரை உடனே கூப்பிட்டுவிடுவதில்லை. சொன்ன பாட்டின் ஓர் அடியைத் தானே பாடிக்காட்டுவார். கூட்டம் தலையாட்டும்போது சட்டென்று நிறுத்துவார். அந்த அடியில் மாமியாரும் மருமகளும் எங்கே வருகிறார்கள், சம்பளம் வாங்கிய அப்பா எங்கே வருகிறார் என்று விளக்குவார். இது வகுப்பறையில் பழகிய உத்தி: பிள்ளைக்குத் தெரிந்ததில் தொடங்கி, தெரியாததற்குக் கூட்டிப் போவது. அவர் பேசியதும் நம் பேட்டைகளிலும் சந்தையிலும் புழங்கும் தமிழ்தான்.

வீட்டுப் பேச்சு இப்படி மேடை ஏறுவதன் அருமை தெரிய அயர்லாந்தைப் பாருங்கள். அங்கே ஐரிஷ்தான் நாட்டின் முதல் ஆட்சிமொழி. ஆனாலும் 2022 கணக்கெடுப்பின்படி பள்ளிக்கு வெளியே நாள்தோறும் அதைப் பேசுவோர் சுமார் 72 ஆயிரம் பேர்தான். ஐரிஷ் பேசினால் பிழைக்க முடியாது என்று பல தலைமுறைகள் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தராமலே விட்டன. மக்கள் கேட்டுப் போராடிய பிறகு 1972-இல் அந்த மொழிக்கென்று வானொலி வந்தது. 1996-இல் தொலைக்காட்சி வந்தது. இன்று அதன் பெயர் டி.ஜி. 4. கால்வே மாவட்டத்தின் ஒரு கிராமத்திலிருந்து இயங்குகிறது. வானிலை, விளையாட்டு, நாடகம் எல்லாம் அந்த மொழியில் கேட்டபோது, வீட்டுப் பேச்சு வெட்கப்படவேண்டியது அல்ல என்று அங்குள்ள இளைஞர்களுக்குப் புரிந்தது.

நமக்கு அந்த நிலைமை இல்லை. கோடிக்கணக்கானோர் தமிழ் பேசுகிறோம். ஆனால் வேறொரு கூச்சம் நம்மிடம் உண்டு. ஒலிவாங்கியைக் கையில் கொடுத்ததும் நம் பிள்ளைகள் பாதி ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள். இல்லையென்றால் மனப்பாடம் செய்த மேடைத் தமிழுக்குப் போய்விடுகிறார்கள். இரண்டுமே அவர்களுடைய குரல் இல்லை. திண்டுக்கல்லில் ஒரு பள்ளி ஆசிரியர் ஊர்ப் பேச்சை விடாமலே தமிழுலகம் முழுவதும் அறிந்த பேச்சாளரானார். நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு சான்று வேண்டியதில்லை.

பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே! அடுத்த ஆண்டு விழாவில் ஒரு பிள்ளையை மேடை ஏற்றும்போது எழுதிய தாளைக் கையில் திணிக்காதீர்கள். தலைப்பை மட்டும் கொடுங்கள், ஒரு வாரம் வீட்டில் பேசிப் பார்க்கட்டும். தடுமாறினால் தடுமாறட்டும், சொந்தத் தமிழில் பேசவிடுங்கள்.