மஞ்சளும் நிலவேம்பும் குடல் புண்ணும்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்கு நான் சந்தா, தவணை பாக்கி, வங்கிக் கடன் எதுவும் பேசப் போறதில்லை. கொஞ்சம் கூச்சமான விஷயம் பேசப் போறேன். வெளிக்குப் போகும்போது ரத்தம் போறது பற்றி. சிரிக்காதீங்க. பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க முந்தானையால வாயைப் பொத்துறது எனக்குத் தெரியுது.

இதை நாம வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்ல மாட்டோம். மூலச்சூடுன்னு நாமே ஒரு பேரை வச்சுக்கிட்டு, ரெண்டு நாள் மோரைக் குடிச்சு, வெந்தயத்தை ஊற வச்சு முழுங்கிட்டு, விடியக்காலம் ஜீப்ல ஏறிடுவோம். போடிமெட்டு தாண்டி பூப்பாறை, சாந்தன்பாறைன்னு ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போற இடத்தில ஒதுங்க மறைவு கிடையாது. அதனால காலையில தண்ணிகூடக் குடிக்காமப் போறவங்க கையைத் தூக்குங்கன்னா எத்தனை கை தூக்கும்னு எனக்குத் தெரியும். வயிற்றில கோளாறு இருந்தா இன்னும் மறைப்போம். கூலி போயிடுமே.

நம்ம குழு ஒன்றில் நடந்ததைச் சொல்றேன். பேர், ஊர் வேண்டாம். அந்த அக்காவுக்கு ஆறு மாசமா ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை வெளிக்குப் போச்சு. சளியும் ரத்தமுமா. ராத்திரித் தூக்கத்திலகூட எழும்பி ஓடணும். யாரோ இடுமருந்து வச்சிட்டாங்கன்னு மருந்து எடுக்கப் போனாங்க. அப்புறம் ஒருவழியா ஆஸ்பத்திரிக்குப் போய், பின்வழியா கேமராக் குழாய் விட்டுப் பார்த்து, பெருங்குடல் பூராவும் புண்ணுன்னு கண்டுபிடிச்சு மாத்திரை கொடுத்தாங்க. நல்லாத்தான் இருந்தாங்க. அந்த நேரத்தில ஊருக்குள்ள ஒருத்தர் டப்பா விக்க வந்தார். சீன நாட்டு மூலிகை, மஞ்சள் சத்து, நிலவேம்புச் சத்து எல்லாம் இருக்கு, மூணு மாசத்தில வேரோட போயிடும், இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திடுங்கன்னார். குழுவில எட்டாயிரம் உள்கடன் வாங்கி அக்கா அதை வாங்கினாங்க. ஒரு மாசம் சும்மா இருந்துச்சு. ரெண்டாம் மாசம் ரத்தம் கொட்டி, ஆஸ்பத்திரியில ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்த வேண்டியதாப் போச்சு. தீர்மானப் புத்தகத்தில "மருத்துவச் செலவு"ன்னு எழுதியிருந்ததைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான்தான். என்ன மருத்துவம்னு ஒரு வார்த்தை கேட்கலை. அதனாலதான் இதைப் படிச்சேன், டாக்டர்கள்கிட்டயும் கேட்டேன், இங்க பேசுறேன்.

முதல்ல நோய். நாம "அல்சர்"னு சொல்றது இரைப்பையில வர்ற புண். இது அது இல்லை. கிருமியை எதிர்த்துச் சண்டை போடத்தான் உடம்பில ஒரு சக்தி இருக்கு. இந்த நோய் வந்தவங்களுக்கு அந்தச் சக்தி தன் சொந்தக் குடலோடயே சண்டை போடுது. அதனால குடல் உள்பக்கம் சிவந்து, வீங்கி, புண்ணாகுது. பெருங்குடலில் மட்டும் வந்தால் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். வாயிலிருந்து ஆசனவாய் வரை எந்த இடத்திலும் வரக்கூடியது கிரோன்ஸ் நோய். 1932-ல் இதைப் பற்றி எழுதிய அமெரிக்க டாக்டர் ஒருவரின் பேர் அது. இது தொத்து நோய் இல்லை. செய்வினையும் இல்லை. சீதபேதி சில நாளில் அடங்கும். இது வாரக்கணக்கில், மாசக்கணக்கில் இழுக்கும். கொஞ்ச நாள் தணிஞ்சு, பிறகு மறுபடி கிளம்பும். இந்தத் தணியறதும் கிளம்புறதும்தான் முக்கியம், ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்ப மூலிகைக்கு வர்றேன். டப்பாக்காரர் சொன்னது முழுப் பொய்யா? இல்லை. அதுதான் சங்கடம். மூலிகையில விஷயம் இருக்கு. சீன வைத்தியத்தில இருந்த ஒரு செடியிலிருந்து மலேரியா மருந்து எடுத்ததுக்காக டூ யூயூ என்கிற சீன அம்மாவுக்கு 2015-ல் நோபல் பரிசே கொடுத்தாங்க.

நிலவேம்பு நமக்குத் தெரியும். 2012-ல் டெங்கு வந்தப்ப அரசாங்கமே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது. சீன வைத்தியத்திலயும் இதே செடி இருக்கு. அதன் சத்தைக் குடல் புண் நோயாளிகள் 224 பேருக்கு எட்டு வாரம் கொடுத்துப் பார்த்து 2013-ல் முடிவை வெளியிட்டாங்க. மூணு பிரிவாப் பிரிச்சாங்க. ஒரு பிரிவுக்கு அதிக அளவு, ஒரு பிரிவுக்குக் குறைஞ்ச அளவு, இன்னொரு பிரிவுக்கு மருந்தே இல்லாத, பார்க்க அதே மாதிரி இருக்கிற வெறும் மாத்திரை. யாருக்கு எதுன்னு நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அதிக அளவு சாப்பிட்டவங்களில் 100-க்கு 60 பேருக்குக் குணம் தெரிஞ்சது. குறைஞ்ச அளவில் 45 பேருக்கு. வெறும் மாத்திரையில எத்தனை பேர்னு நினைக்கிறீங்க? 40 பேர்!

மருந்தே சாப்பிடாம நூற்றுக்கு நாற்பது பேருக்கு எப்படிக் குறையும்? நான் சொன்னேனே, நோய் தானாத் தணியும், தானாக் கிளம்பும். தணியற நேரம் பார்த்து எந்தப் பொடியைச் சாப்பிட்டாலும் பொடிக்குத்தான் பேரு. டப்பாக்காரர் "பத்துப் பேருக்கு நல்லாச்சு"ன்னு போட்டோ காட்டினார். பத்து டப்பா வித்தாரா, முப்பது வித்தாரா? நல்லாகாதவங்க போட்டோ எங்க? நம்ம குழுவில வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாம ஒரு நோட்டைக் கொண்டு வந்தா ஒத்துக்குவீங்களா?

அந்த நிலவேம்புச் சத்தை இன்னும் நிறையப் பேருக்குக் கொடுத்து அடுத்த ஆய்வு தொடங்கினாங்க. நடுவில கணக்குப் பார்த்தபோது பலன் தேறலைன்னு 2014-ல் பாதியிலேயே நிறுத்திட்டாங்க.

மஞ்சள் கதை இதைவிட நல்ல கதை. மஞ்சளில இருக்கிற குர்குமின் என்கிற சத்தை, ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிட்டும் நோய் முழுசா அடங்காத 50 பேருக்கு, அந்த மாத்திரையை நிறுத்தாமலே சேர்த்துக் கொடுத்தாங்க. 2015-ல் வந்த ஆய்வு. தினம் 3 கிராம், ஒரு மாசம். மஞ்சள் சத்துப் பிரிவில 26 பேரில் 14 பேருக்கு நோய் அடங்கிச்சு. வெறும் மாத்திரைப் பிரிவில ஒருத்தருக்குக்கூட இல்லை. ஆனா டில்லி எய்ம்ஸில் 62 பேருக்குத் தினம் 450 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது வித்தியாசமே இல்லை. அதாவது அளவுதான் விஷயம். மஞ்சள்தூளில அந்தச் சத்து நூற்றுக்கு மூணு பங்குதான். 3 கிராம் சத்து வேணும்னா தினம் 100 கிராம் மஞ்சள்தூள் தின்னணும். குழம்புக்குப் போடற மஞ்சள் குழம்புக்கு நல்லது, அவ்வளவுதான். கேப்சூலா வாங்கலாமேன்னு கேட்பீங்க. நல்லா உறிஞ்சணும்னு சிலதில மிளகுச் சத்தையும் சேர்க்கிறாங்க. அப்படிச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிச்சிருக்கு. டாக்டரைக் கேட்காம வேண்டாம்.

மூணாவது அவுரி. தலைக்குச் சாயம் போட நாட்டு மருந்துக்கடையில பொடி விக்கிறாங்களே, அந்த நீலம். சீனாவில இதே நீலம் இருக்கிற வேற செடிகளிலிருந்து எடுக்கிற பொடிக்கு சிங் டாய்னு பேர். ஜப்பானில 86 பேருக்குக் கொடுத்துப் பார்த்து 2018-ல் வெளியிட்டாங்க. தினம் 1 கிராம் சாப்பிட்டவங்களில் 100-க்கு 75 பேருக்குக் குணம். வெறும் மாத்திரையில 14 பேருக்குத்தான். இதுதான் உண்மையிலேயே வேலை செய்யுது! ஆனா அதைத் தாங்களாவே வாங்கிச் சாப்பிட்டவங்க சிலருக்கு நுரையீரல் ரத்தக்குழாயில அழுத்தம் ஏறி மூச்சு வாங்க ஆரம்பிச்சது. 2016 டிசம்பரில் ஜப்பான் அரசாங்கமே எச்சரிக்கை விட்டது. ஆய்வையும் முன்கூட்டியே நிறுத்திட்டாங்க. மூலிகைன்னா பக்கவிளைவே கிடையாதுன்னு யாராவது சொன்னா இதைச் சொல்லுங்க. நம்ம அவுரிப் பொடி தலைக்கு மட்டும். வாய்க்குக் கிடையாது.

ஏலக்காயைப் பற்றி ஒரு பெரியம்மா வாசல்லயே கேட்டாங்க. நம்ம மலைச் சரக்குதான், எனக்கும் ஆசைதான். ஆனா குடல் புண்ணுக்கு அது மருந்துன்னு நான் சொல்ல மாட்டேன்.

அப்ப என்ன செய்யணும்? ரெண்டு வாரத்துக்கு மேல ரத்தமோ சளியோ போனா, ராத்திரி எழும்பிப் போக வேண்டியிருந்தா, எடை குறைஞ்சா, ரத்தசோகைன்னு இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறலைன்னா, போடி அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. தேவைப்பட்டா அங்கிருந்து க.விலக்கு மெடிக்கல் காலேஜுக்கு அனுப்புவாங்க. மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில குடல் நோய்க்குத் தனிப் பிரிவே இருக்கு. அது மூலமா, அமீபாவா, குடல் புண்ணா, புற்றுநோயான்னு பார்த்துத்தான் சொல்ல முடியும். நம்ம நாட்டில குடல் காசநோயும் பார்க்க கிரோன்ஸ் மாதிரியே இருக்கும், டாக்டர்களே குழம்புறது உண்டு. ஒண்ணுக்குக் கொடுக்கிற மருந்து இன்னொண்ணைக் கெடுக்கும். அதனால ஊகத்தில மருந்து சாப்பிடாதீங்க.

நோய் இருக்குன்னு தெரிஞ்சவங்க, நல்லா இருக்கும்போதும் மாத்திரையை நிறுத்தாதீங்க. ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீர்னு நிறுத்துறது ஆபத்து, டாக்டர்தான் படிப்படியாக் குறைக்கணும். சித்த மருந்து எடுக்க விரும்பினா அரசு சித்தா டாக்டரைப் பாருங்க, ரெண்டு டாக்டருக்கும் ரெண்டு மருந்தையும் காட்டுங்க. கர்ப்பமா இருக்கிறவங்க நிலவேம்பு குடிக்க வேண்டாம்.

அந்த அக்கா இப்ப மாத்திரையில இருக்காங்க. போன மாசத்திலிருந்து ஜீப் ஏறுறாங்க. டப்பா வாங்கின கடனில இன்னும் ஏழு தவணை இருக்கு.

இனிமே மருத்துவ உள்கடனுக்கு டாக்டர் சீட்டைப் பார்த்துத்தான் கொடுக்கிறதுன்னு ஒரு தீர்மானம் கொண்டு வந்திருக்கேன். அவசரத்துக்கு எங்க போறதுன்னு எதிர்க்கிறவங்களும் இருக்கீங்க, அது நியாயம்தான், சாப்பாட்டுக்கு அப்புறம் பேசி முடிவு பண்ணலாம். இதில யாருக்காவது தனியாச் சொல்ல வேண்டியது இருந்தா, நோட்டு எழுதற சின்ன அறையில நாலு மணி வரைக்கும் இருப்பேன். கதவைச் சாத்திக்கலாம்.