தனுஷ்கோடியில் ஓர் உரையாசிரியர்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்க இலக்கியத்தில் நெய்தல் என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். நான் இராமேசுவரம் தீவில் வாடகைக் காரில் சுற்றிய ஒரு பகலைப் பற்றிப் பேசப் போகிறேன். முடிவில் நெய்தலுக்கே வந்து சேர்வேன். ஆதலின் தலைப்பை மீறியதாகச் செயலாளர் கருத வேண்டா.

இரும்புலியூரார்க்கு அத்தீவு அயலன்று. எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை சென்ற போட் மெயில், தாம்பரத்தைக் கடந்து நம் ஊரின் ஓரமாகத்தான் ஓடியது. தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறினால் தலைமன்னார். அங்கிருந்து மீண்டும் ரயிலில் கொழும்பு. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் அமைந்த வழி அது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு அடித்த புயலோடு தனுஷ்கோடியின் இருப்புப்பாதை போயிற்று. இப்போது தாம்பரத்திலிருந்தே இராமேசுவரத்துக்கு ஒரு விரைவு வண்டி இருக்கிறது. 2025 ஏப்ரல் 6ஆம் நாள், புதிய பாம்பன் பாலத்தின் திறப்போடு தொடங்கியது. அவ்வண்டியில்தான் என் தாயாரை அழைத்துச் சென்றேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வட்டத்தின் முதலாண்டுக் கவியரங்கில் 'ஆளில்லா ஊர்' என்றொரு கவிதை வாசித்தேன். தனுஷ்கோடியைப் பற்றியது. அதுவரை அவ்வூரை நான் கண்டது ஒரு நாட்காட்டிப் படத்தில்தான். நீங்கள் கைதட்டினீர்கள். பரிசாகப் போர்த்திய சால்வை இன்னும் என் பெட்டியில் மடித்து வைத்தபடி இருக்கிறது.

அம்மா இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடித் தரிசனம் முடித்து வரும்போது மணி ஒன்பது. விடுதி வாயிலில் கார் நின்றது. ஓட்டுநர் முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர். பிளாஸ்டிக் உறையிட்ட அட்டையொன்றை நீட்டினார். பன்னிரண்டு இடங்களின் பெயர்கள் அதில் அச்சாகியிருந்தன. தனுஷ்கோடி முதலில் இருந்தது. "வரிசையாகவே போகலாமா, தம்பி?" என்றேன்.

"வரிசை பாக்காதீங்கம்மா. வெயில் ஏறுறதுக்குள்ள கெந்தமாதன மலை, அப்புறம் பாம்பன், சாப்பாட்டுக்கு மேல தனுஷ்கோடி" என்றார்.

மூலத்தில் எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டு கூட்டிப் பொருள் சொல்லும் நச்சினார்க்கினியர் என் நினைவுக்கு வந்தார். அன்று முழுவதும் அவ்விளைஞரை உரையாசிரியர் என்றே மனத்துள் அழைத்து வந்தேன். அதில் சிறிது ஏளனமும் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

முற்பகல் விரைவாகக் கழிந்தது. மலை என்று பெயரே தவிர, கந்தமாதனம் ஒரு மணல்மேடு. ஆயினும் தீவிலேயே உயர்ந்த இடம் அதுதான். 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்திலிருந்து புதிய ரயில் பாலத்தைக் கண்டோம். பழைய பாலத்தின் நடுப்பகுதி கப்பலுக்கு வழிவிட இரு கதவுகளாகப் பிரிந்து நிமிரும், புதியதிலோ 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே நேராக மேலே உயர்கிறது. தங்கச்சிமடத்தில் மல்லிகைப் பதியன்கள் வளர்க்கும் தோட்டங்களைக் காட்டி, "மதுரை மல்லிக்குத் தாய்வீடு இதுதான்" என்றார் உரையாசிரியர். அட்டையில் இல்லாத செய்தி அது. பேய்க்கரும்பில் கலாம் நினைவிடத்தில் கூட்டம் மிகுதி; அம்மா காரிலேயே இருந்துவிட்டார்.

பிற்பகலில் தனுஷ்கோடிச் சாலை. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017இல்தான் தார்ச்சாலை திறந்தார்கள். அதற்கு முன் மணலில் வேன்கள் தள்ளாடிச் செல்லும். இருமருங்கும் கடல். நான் வகுப்பெடுக்கத் தொடங்கினேன். "அம்மா, இந்தப் பக்கம் பாக் நீரிணை, அமைதியானது, பெண்கடல் என்பார்கள். அந்தப் பக்கம் மன்னார் வளைகுடா. சீறுகிறதே, அது ஆண்கடல்."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார் ஓட்டுநர். "நீங்க டீச்சரா? எப்பவும் அப்படி இல்ல, டீச்சர். வாடை வந்துட்டா பெண்கடல்தான் கொதிக்கும். அப்ப ஆண்கடல் குளமாட்டம் கெடக்கும்."

பெண்கடலைப் பொறுமைக்கு உவமையாக்கிய கவிதைகள் நம் அரங்குகளில் எத்தனை வந்திருக்கின்றன! நானும் எழுதியவள்தான். ஆவணி மாதம் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு எழுதிய உவமை என்று இப்போது தெரிகிறது.

இடிந்த தேவாலயத்தின் முன் இறங்கினோம். பவளப்பாறைக் கற்களால் எழுப்பிய சுவர்கள், கூரையில்லை. இங்கும் நான் ஓயவில்லை. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலைக் கடல் கொண்டதையும், அதில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதையும், மனிதர் வாழத் தகாத ஊர் என அரசு அறிவித்ததையும் சொல்லி, "அன்றிலிருந்து இங்கே யாரும் இல்லை" என்று முடித்தேன். என் கவிதையின் கடைசி வரியும் ஏறத்தாழ அதுதான். ஓட்டுநர் கார்க் கதவில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாவுக்குத் தாகம். புட்டித் தண்ணீர் வெயிலில் கொதித்திருந்தது. "வாங்கம்மா, நல்ல தண்ணி தாரேன்" என்று முன்னே நடந்தார். இடிபாடுகளுக்குப் பின்னால், மணல் சரிவில், ஓலைக் குடிசைகள் சில. உலரும் வலை. பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள். அறுபதைக் கடந்த அம்மையார் ஒருவர், முழங்கால் ஆழத்துக்குத் தோண்டிய மணற்குழியில் குனிந்து, ஊறிய நீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் விட்டுக்கொண்டிருந்தார். இரு பக்கமும் உப்புக்கடல். நடுவே இனிக்கும் நீர். மழைநீர் மணலுள் இறங்கி, எடை குறைந்ததாகையால் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். எவ்வளவு தோண்டலாம் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. அம்மா இரண்டு செம்பு குடித்தார்.

"எங்க சின்னம்மா" என்றார் ஓட்டுநர்.

புயலடித்தபோது தாம் கைக்குழந்தை என்றும், தம் தாய் தம்மைத் தூக்கிக்கொண்டு மணல்மேட்டில் ஏறியதாகச் சொல்லக் கேட்டிருப்பதாகவும் அவ்வம்மையார் கூறினார். பிறகு ஏன் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டேன். "மீன் இங்கனதான இருக்கு?" என்றார்.

குடிசைக்குச் சற்றுத் தள்ளி ஒரு நாட்டுப்படகு கரையேறியிருந்தது. மணலில் மீனைக் குவியல் குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு.

காருக்குத் திரும்பும்போது, "இந்த இடத்தை ஏன் தம்பி அட்டையில் போடவில்லை?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "இதைப் போயி எப்படி டீச்சர் போடுறது? இது பாக்குற இடமில்ல, வீடு."

அரிச்சல்முனையில் சாலை முடிகிறது. ஏறத்தாழ முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் தலைமன்னார். 1983 முதல் ஈழத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துப் படகில் வந்தவர்கள் பலர் கால்வைத்த மணல் இது. அங்கே நின்று அம்மா படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். ஆனால் என் மனம் அந்த மீன் குவியல்களை விட்டு வரவில்லை.

அவையோரே, அகநானூற்றின் 70ஆம் பாட்டை இருபது ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். பாண்டியரின் கோடி என்னும் ஊரில், ஆலமரத்தடியில் இராமன் போர்ச்சூழ்ச்சி செய்தபோது பறவைகளின் ஒலி அவிந்த செய்தி அதில் வருகிறது. அக்கோடி தனுஷ்கோடியே எனக் கொள்வோர் உண்டு. தேர்வில் வரும் வினா இராமனைப் பற்றியது. கட்டுரைகள் இராமனைப் பற்றியவை. என் குறிப்பேட்டில் சிவப்பு மையால் கோடிட்டிருப்பதும் அங்கேதான். ஆனால் பாட்டு எங்கே தொடங்குகிறது? வேட்டம் வாய்த்த பரதவர், புலால் மணக்கும் தம் சிறுகுடியில், அயிலை மீனைப் பகுத்துக் கொடுப்பதில் தொடங்குகிறது. குமரிக் கரையில் இன்றும் அயிலை என்றே வழங்கும் மீன் அது. இராமன் பின்னால் வருகிறான்; அதுவும் ஊரலர் அடங்கியதற்கு உவமையாகத்தான் வருகிறான். கடுவன் மள்ளனார் முதலில் வைத்த மனிதர்களை நான் 'கருப்பொருள்' என்று ஒரு சொல்லில் எழுதிப்போட்டுவிட்டு, இருபது ஆண்டுகளாக அடுத்த அடிக்குத் தாவியிருக்கிறேன். நச்சினார்க்கினியர் சொற்களை இடம் மாற்றினாரே தவிர, இப்படி விட்டுவிட்டுப் போனவர் அல்லர்.

'ஆளில்லா ஊர்' கவிதையை விழா மலரில் மறுபடி வெளியிட விரும்புவதாக மலர்க்குழுவினர் கேட்டிருந்தார்கள். தலைப்பை மட்டும் மாற்றிக் கொடுக்கலாமே என்றார் கவிஞர் நண்பர் ஒருவர். மாற்றிப் பார்த்தேன், அடுத்த வரி நிற்கவில்லை. அதை மாற்றினேன், அதற்கடுத்தது சரிந்தது. முழுக் கவிதையும் அந்த 'இல்லா'வின் மேல்தான் கட்டப்பட்டிருந்தது. ஆகவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்கென ஒதுக்கிய பக்கங்களில் இவ்வுரையை இடலாம். சால்வையைத் திருப்பிக் கேட்டால் அதையும் தரச் சித்தமாயிருக்கிறேன்.